நம்பர் வந்துருச்சு

கண்ணு,

நேற்று நீ பெங்களூரிலிருந்து போனில் கத்திய கத்தல் என் காதை விட்டு இன்னும் போகவில்லை. "நித்யாகிட்ட என்னத்தம்மா சொன்னீங்க? அவ எதுக்கு என்ற போன எடுக்க மாட்டேங்கறா? கல்யாணத்த வெச்சுக்கிட்டு இதென்னங்கம்மா கூத்து?" என்று கேட்டாய். நான் வாய் திறக்கவில்லை என்றதும் ஆத்திரம் எங்கே போவதென்று தெரியாமல், "இங்க வந்து கேம் பெட்டியப் பிரிச்சா ரெண்டாவது ஜாய்ஸ்டிக்கக் காணோம், அதையாச்சும் எங்க வெச்சீங்கன்னு சொல்லுங்க" என்றாய். கேள்வி இரண்டு என்று நீ நினைக்கிறாய். எனக்கு இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். போனில் சொன்னால் பாதியில் நீ குறுக்கே விழுவாய், நான் கெட்ட வார்த்தை பேசிவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. கல்யாண வேலைக்கென்று சொந்தபந்தங்களை எல்லாம் சேர்த்து நீ ஆரம்பித்தாயே ஒரு வாட்ஸ்அப் குழு, அதிலும் போடப் போகிறேன். உன் அப்பா செத்த பிறகு என் வீட்டுக்கே வந்து, என் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, "தங்கமான மனுசனுங்க, வாங்க போங்கன்னு தவுர ஒரு வார்த்தை பேச மாட்டாருங்க" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அத்தனை பேரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். நித்யாவின் அப்பா அம்மாவும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவளிடம் கேட்டேன். "போடுங்க அத்தை" என்றாள். போடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன். முகூர்த்தச் சேலை எடுத்துவிட்டு எல்லோரும் நம் வீட்டுக்கு வந்தோம். நித்யாவை இங்கே விட்டுவிட்டு அவள் பெற்றோர் மண்டபத்துக்காரரைப் பார்க்கப் போனார்கள். வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தபோது கிடைத்த பழைய டிவி கேம் பெட்டியை நீ ஹாலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, கோயில் சிலையைத் துடைக்கிற பயபக்தியோடு துடைத்துக்கொண்டிருந்தாய். மூன்று கலர் ஒயரைப் புது டிவியில் சொருக இடமில்லை என்று முதல் நாளே கடைவீதிக்குப் போய் ஏதோ ஒரு சின்ன டப்பா வாங்கி வந்திருந்தாய். மஞ்சள் கேசட்டை எடுத்து, ஊதி, தட்டி, சொருகினாய். எனக்கும் கை பரபரத்தது. இல்லை என்று சொன்னால் பொய். அந்த மஞ்சள் கேசட்டைப் போல என் வாழ்க்கையில் எனக்குச் சந்தோஷம் கொடுத்த பொருள் அதிகம் இல்லை.

படம் வந்ததும் எனக்குத் துக்கமாகிவிட்டது. இதையா நாம் விழுந்து விழுந்து ஆடினோம்? அண்ணன் தம்பி இருவர், ஒருவன் சிவப்பு பனியன், இன்னொருவன் நீல பனியன், தெருத் தெருவாகப் போய்க் கண்ணில் பட்டவனை எல்லாம் அடித்துச் சாய்ப்பார்கள். என் நினைவில் அவர்களுக்கு முகம் இருந்தது, தசை இருந்தது, வேர்வைகூட இருந்தது. புது டிவியில் பார்த்தால் நாலு கட்டம் சிவப்பு, நாலு கட்டம் நீலம், மேலே ஒரு கட்டம் தலை. கை ஓரத்துக்கு ஓவர்லாக் தையல் அடிக்காமல் விட்ட பனியன் மாதிரி ஓரமெல்லாம் பிசிறு. பட்டனை அமுக்கினால் குத்து உடனே விழவில்லை. நாம் அமுக்கி, அலுத்து, விரலை எடுத்த பிறகு அவன் கை நீள்கிறது. "புது டிவில போட்டா அப்படித்தானுங்கம்மா, லேட்டாத்தான் வரும்" என்று நீ விளக்கம் சொன்னாய். "இத்தப் போயா பொக்கிஷமாட்டப் பரண்ல வெச்சிருந்தீங்க?" என்று நித்யா கேலி செய்தாள். மூவரும் சிரித்தோம். அது வரைக்கும் நல்ல ஞாயிற்றுக்கிழமை.

அந்த விளையாட்டு எனக்கு என்னவாக இருந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை. பெருமாநல்லூர் ரோட்டு வீட்டில் கீழே பனியன் தைக்கிற மிஷின், மேலே குடித்தனம். நாள் முழுக்க ஓவர்லாக்கின் இரைச்சல், தையல் லைனில் நிற்பவர்களிடமும் ஆர்டர் கொடுத்தவர்களிடமும் ஏனுங்க, ஆமாங்க, சரிங்க. அந்த வீட்டில் ங்க போடாமல் பேச எனக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது, டிவிக்கு முன்னால். நாமாகவே வைத்துக்கொண்ட சட்டம் அது. ஜாய்ஸ்டிக் கையில் இருக்கும் வரை மரியாதை கிடையாது. "டேய் நாயே, அந்தப் பக்கம் போடா" என்று நான் கத்துவேன். "நீ மூடிட்டு அடி, பெருசா வந்துட்டா" என்று நீ கத்துவாய். பெற்ற தாயை அப்படிப் பேசுகிற சுகத்தில் உன் காது இரண்டும் சிவந்துபோகும். எனக்கு அதைவிடச் சுகம். எதிரே வருகிறவனின் தாடையில் ஒன்று, வயிற்றில் ஒன்று, விழுந்தவனைத் தூக்கி இன்னொரு தடவை. என்னைப் போல அடிக்க உன் சேக்காளிகளில் ஒருவனுக்கும் வராது. பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னிடம் தோற்றுவிட்டு அழுதுகொண்டு போனவர்கள் இன்றைக்கு உன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழர்களாக வரப் போகிறார்கள்.

ஒரு நாள் உன் அப்பா இதைக் காதில் வாங்கிவிட்டார். கோபப்படவில்லை. அவர் என்றைக்குக் கோபப்பட்டார்? உன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தலையைத் தடவி, "ஏனுங்க கண்ணு, அம்மாவப் போயி அப்படிப் பேசலாமுங்களா? மரியாதை முக்கியமுங்க" என்றார். நீ தலையை ஆட்டினாய். அன்றைக்குச் சாயங்காலம் மிஷின் நின்றதும் அவர் படியேறி வந்து உன்னிடம், "கண்ணு, டிவி சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைங்க" என்றார். என்னிடம், "அம்மணி, கொஞ்சம் உள்ள வாங்க" என்றார்.

துணி ரோல் அடுக்கி வைத்திருந்த உள்ளறை நினைவிருக்கிறதா? சுவர் தெரியாமல் ரோல். அதற்குள்ளே கத்தினால் பாதிச் சத்தத்தைத் துணியே குடித்துவிடும். மீதியை உன் கேம் குடித்துவிடும். கதவைச் சாத்திவிட்டு, துணி வெட்டக் கோடு போடுகிற மார்க்கர் டேபிளில் இருந்து கொண்டுவந்த இரும்பு ஸ்கேலால் அடிப்பார். தொடையில், முதுகில், தோளுக்குக் கீழே. சேலைக்கும் ரவிக்கைக்கும் வெளியே தெரிகிற இடத்தில் ஒரு தடவைகூட அடித்ததில்லை, அவ்வளவு கணக்கான மனிதர். "சொன்னாக் கேக்க மாட்டீங்களா அம்மணி? எத்தன தடவ சொல்றதுங்க?" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு ங்க. ஒரு நாளும் வாடி போடி என்றதில்லை. சொந்தக்காரர்கள் சொல்வது அத்தனையும் நிஜம். என் காது அடியைக் கேட்காது. வெளியே உன் விளையாட்டில் குத்து விழுகிற சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். இப்போது இரண்டாம் ஸ்டேஜ், இப்போது பாலம், இப்போது அந்தப் பெண் வரப் போகிறாள் என்று மனசுக்குள் கூடவே ஆடிக்கொண்டு போவேன். அப்படித்தான் தாங்கினேன்.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். மூன்றாம் ஸ்டேஜில் குடை பிடித்துக்கொண்டு வருவாள். இரண்டு குத்து விட்டால் குடை பறந்துவிடும், முழங்காலில் விழுவாள். தலைக்கு மேலே வெள்ளையாக ஒரு வட்டம் வந்து அதற்குள் இரண்டு இங்கிலீஷ் எழுத்து மின்னும். என், ஓ. அந்த நேரம் பார்த்து மறுபடி அடித்தால் பாயிண்ட் இரண்டு மடங்கு. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவு இங்கிலீஷ் தெரியும். நம் யூனிட்டில் கட்டிங்கில் இருந்து வருகிற ஒவ்வொரு கட்டின் மேலும் சீட்டு இருக்கும், அதில் என், ஓ என்று போட்டுப் பக்கத்தில் எண் எழுதியிருப்பார்கள். என், ஓ என்றால் நம்பர். அதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இவள் முட்டி போட்டால் நம்பர் கிடைக்கும், அதைத்தான் காட்டுகிறான் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அவள் முட்டி போட்டதும் இரண்டு பேரும் சேர்ந்து, "நம்பர் வந்துருச்சு, போடு!" என்று கத்துவோம். கீழே துணி மடிக்கிற பெண்கள்கூட அதைக் கேட்டுப் பழகி, டீ வந்தால் "நம்பர் வந்துருச்சு" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அவளுக்கு நீ ஒரு பெயரும் வைத்தாய். அம்மணி. உன் அப்பா குரலிலேயே, "ஏனுங்க அம்மணி, வலிக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு அடிப்பாய். எட்டு வயதுப் பிள்ளை பெரிய மனுசனைப் போலப் பேசுகிறதே என்று நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தொடையில் ஸ்கேல் தடிப்போடு உட்கார்ந்துகொண்டு சிரித்தேன் கண்ணு. இது விளையாட்டு, அது வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கே வா. சிரித்துக்கொண்டிருந்தோம் என்றேனல்லவா? அந்த டப்பா வழியாக வந்த சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. டிவி ரிமோட் என் மடியில் கிடந்தது. நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அம்மா, சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைங்க" என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். யாரும் சொல்வதுதான். என் உடம்பு அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு தோளும் தானாகக் காதுவரை ஏறின. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு எந்தப் பட்டன் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். படம்தான் பழசாகிப் போயிருந்தது, சத்தம் அன்று உள்ளறைக்குள் எனக்குக் கேட்டது போலவே அமுங்கிக் கேட்டது. நீ கவனிக்கவில்லை. நித்யா கவனித்தாள். எட்டி என் கையில் இருந்து ரிமோட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

அப்புறம் மூன்றாம் ஸ்டேஜ் வந்தது. முதல் ஜாய்ஸ்டிக் உன் கையில், இரண்டாவது அவள் கையில். குடைக்காரி விழுந்தாள். எனக்கு வெட்கமே இல்லை, பழைய பழக்கத்தில் நானும் உன்னோடு சேர்ந்து, "நம்பர் வந்துருச்சு, போடு!" என்று கத்திவிட்டேன். நித்யா அடிக்கவில்லை. திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாளெல்லாம் வெள்ளைக்காரனோடு இங்கிலீஷில் மல்லுக்கட்டுகிற பெண். "நம்பரில்லீங்க அத்தை. 'நோ'ன்னு சொல்றா. வேண்டாங்கறா" என்றாள்.

எனக்குத் தலையில் யாரோ போட்டது போல இருந்தது. இத்தனை வருஷமாக அவள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள், நான் நம்பர் நம்பர் என்று குதித்திருக்கிறேன். உன் முகத்தைப் பார்த்தேன். நீயும் என்னைப் போல அதிர்ந்திருப்பாய் என்றுதான் பார்த்தேன். நீ சிரித்தாய். "அது எனக்கு எப்பவோ தெரியுங்க. ஆறாவது படிக்கறப்பவே தெரியும்" என்றாய். தெரிந்த பிறகும் ஆடினோமே கண்ணு. தெரிந்த பிறகும் நீ என்னோடு சேர்ந்து கத்தினாயே.

நித்யா போதும் என்று எழுந்தாள். நீ அவள் கையிலிருந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கினாய். ஒயர் இழுத்ததில் அவளுடைய கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து மணிக்கட்டில் கீறியது. நீ வேண்டுமென்று செய்யவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ரத்தத்தைப் பார்த்துவிட்டு நீ பேசியது என்ன என்று நினைவிருக்கிறதா? அடடா என்று சொல்லவில்லை. "ஏனுங்க அம்மணி, ஒரு கேமுக்குப் போயிக் கோவிச்சுக்கறீங்களா?" என்றாய். அதே குரல், அதே இழுப்பு. உன் அப்பா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது போல இருந்தது. பிறகு பிரஸ்ஸில் பத்திரிகை தயாராகிவிட்டது என்று போன் வந்து, விசில் அடித்துக்கொண்டே கிளம்பிப் போய்விட்டாய்.

நீ போன பிறகு அவளை உட்கார வைத்தேன். கீறலில் மஞ்சள் வைத்துவிட்டேன். அவள் திரும்பத் திரும்ப டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அடிக்காம உட்டா என்ன ஆகுமுங்க அத்தை?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளும் அடிக்காமல் விட்டதில்லையே. ஆடிப் பார்த்தோம். நான் சிவப்பு பனியன், அவள் நீலம். குடைக்காரி முட்டி போட்டாள், வேண்டாம் என்றாள், நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். மேலே நேரம் குறைந்துகொண்டே வந்து முடிந்தது. எங்கள் ஆட்கள் இருவரும் தானாகச் சுருண்டு விழுந்து செத்தார்கள். அவளை அடிக்காமல் அந்தத் தெருவைத் தாண்டவே முடியாது. அந்த விளையாட்டைச் செய்த புண்ணியவானுக்கு வேறு வழி தோன்றவே இல்லை.

மறுபடி ஆடினோம். இந்தத் தடவை நான் பழக்க தோஷத்தில், முட்டி போட்டிருந்த குடைக்காரியை நோக்கிக் கையை ஓங்கினேன். உனக்கு நினைவிருக்கும், பக்கத்தில் நின்று குத்தினால் நம் ஆளையே நாம் அடித்துவிடுவோம், அது அந்த விளையாட்டின் கோளாறு என்று நாம் திட்டுவோம். நித்யாவின் நீல பனியன் என் சிவப்பு பனியனின் தாடையில் ஒன்று விட்டது. தவறிப் பட்டுவிட்டது என்று நினைத்தேன். எழுந்து மறுபடி போனேன். மறுபடி விட்டாள். "என்னடி இது?" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "நீங்க அவகிட்டப் போங்க பாக்கலாம் அத்தை, சங்க அறுத்துப்போடறேன்" என்றாள். நான் போகப் போக அடித்தாள். என் உயிர் அத்தனையும் அவள் கையால் போனது. குடைக்காரி கடைசி வரை அங்கேயே முட்டி போட்டிருந்தாள், ஒருவரும் தொடவில்லை. எனக்கு அந்த விளையாட்டு அதற்கு முன்னால் அவ்வளவு பிடித்ததில்லை.

டிவியை அணைத்த பிறகுதான் கேட்டாள். "நீங்க எதுக்கு அத்தை அப்பிடி மிரண்டீங்க? அவிய கை நீட்டுவாங்களா?" என்றாள். உன்னைப் பற்றித்தான் கேட்டாள். பெற்றவள் என்ன சொல்ல வேண்டும்? என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல வேண்டும். என் மாமியார் அப்படித்தான் என் அம்மாவிடம் சொன்னார்கள். நான், "தெரியலீங்க கண்ணு" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் உன் போனை அவள் எடுக்காததற்குக் காரணம். பிறகு உள்ளறையைப் பற்றியும், ஸ்கேலைப் பற்றியும், டிவி சத்தத்தைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அது எப்படி நின்றது என்றும் சொன்னேன். குழுவில் இருக்கிற பெரியவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். உன் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார் என்று நீங்கள் எல்லாம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தீர்களே, அவர் வழுக்கவில்லை. நான் உடைத்தேன். அந்த விளையாட்டில் பெரிய தடியன் ஒருவன் வருவான், அவனை நேரே போய் அடிக்க முடியாது. அவன் கையை வீசி முடிக்கிற வரை பொறுக்க வேண்டும். வீசிய கை கீழே இறங்கும்போது ஒரு நொடி அவன் வெறும் ஆளாக நிற்பான், அப்போது போட வேண்டும். நூறு தடவை அவனைப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு உள்ளறையில் ஸ்கேல் என் முதுகில் விழுந்து கீழே இறங்கியபோது, வெளியே உன் விளையாட்டில் குத்துச் சத்தம் கேட்டபோது, இந்த மனிதருக்கும் அந்த ஒரு நொடி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அயர்ன் டேபிளில் இருந்து ரிப்பேருக்கு எடுத்து வைத்திருந்த இஸ்திரிப் பெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. இரண்டு கையாலும் தூக்கிப் போட்டேன். எலும்பு உடைகிற சத்தம் நன்றாகக் கேட்டது. பெட்டி சூடாக இல்லை, அது அவருடைய அதிர்ஷ்டம்.

கீழே கிடந்து அவர் என்னைப் பார்த்தார். முதன்முதலாக, "அடியே" என்றார். அந்த ஒரு நாள்தான் ங்க இல்லை. இரண்டாவது தடவை பெட்டியைத் தூக்கினேன். அவர், "வேண்டாம்" என்றார். நான் நிறுத்தினேன். அதன் பிறகு சாகும் வரை அவர் என் மேல் கை வைக்கவில்லை, உன்னிடம் டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லவும் இல்லை. நல்லபடியாகவே வாழ்ந்தோம் என்று ஊர் சொல்கிறது, சொல்லிக்கொள்ளட்டும்.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றால் இது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. உன் அப்பாவின் ரத்தம் உன் உடம்பில் இருக்கிறதே என்று நான் பயப்படுவதாக நித்யா நினைத்தாள். நான் பயப்படுவது என் ரத்தத்துக்கும் சேர்த்து. அந்தப் பெட்டி அவர் மேல் விழுந்தபோது எனக்கு எவ்வளவு ருசியாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. மூன்றாம் ஸ்டேஜில் இரண்டு மடங்கு பாயிண்ட் விழுந்தபோது இருந்த அதே ருசி. அடிப்பதில் சுகம் இல்லை என்று பெரியவர்கள் சொல்வது பொய், நன்றாகவே இருக்கிறது. அதனால்தான் உன் அப்பாவால் விட முடியவில்லை. எதிரில் இருக்கிறவர் வேண்டாம் என்று சொல்வது காதில் விழுகிறதா, விழுந்த பிறகு கை நிற்கிறதா, அதை மட்டும் நீ பார்த்துக்கொள். எத்தனை மரியாதையாகப் பேசுகிறாய் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன். உன் அப்பாவைவிட மரியாதையாகப் பேச உன்னால் முடியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நித்யா நம் வீட்டுக்கு வருகிறாள். நீயும் வா, கேம் பெட்டியைக் கொண்டு வா. இரண்டாவது ஜாய்ஸ்டிக் அவளிடம் இருக்கிறது. அன்றைக்கே ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறாள். எனக்கும் அதே கேள்விதான், இத்தனை வருஷம் கேட்கத் துணிச்சல் வரவில்லை. 'நோ' என்றால் என்ன என்று உனக்கு எப்பவோ தெரியும் என்றாயே, அப்பா சத்தத்தைக் கூட்டச் சொன்னது எதற்கு என்றும் எப்பவோ தெரியுமா? தெரிந்துதான் கூட்டினாயா?

தெரியும் என்று சொன்னால் நான் உன்னை வெறுக்க மாட்டேன். குழந்தை நீ. பயத்தில் கூட்டியிருப்பாய், கேட்கக் கூடாது என்று கூட்டியிருப்பாய். கதவுக்கு அந்தப் பக்கம் நீயும் ஒரு உள்ளறையில்தான் இருந்திருக்கிறாய் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு வெடிக்கிறது. தெரியாது என்பது நிஜமானால் அதைச் சொல். சிரித்து மழுப்பாதே, அம்மணி என்று அவளை அழைக்காதே, டிவியை அணைத்துவிட்டுப் பேசு. பதில் பொய் என்று பட்டால் அவள் எழுந்து போய்விடுவாள், மண்டபத்துக்காரரிடம் நானே பேசிக்கொள்கிறேன். நிஜம் என்று பட்டால் கல்யாணம் நடக்கும், உன்னோடு பெங்களூருக்கு வருவாள். அப்போது என் பங்குக்கு அவளுக்கு நான் கொடுக்கிற சீரில் பாத்திரம் பண்டத்தோடு அந்த இஸ்திரிப் பெட்டியும் வரும். துருவைத் தேய்த்துத் துடைத்து வைத்திருக்கிறேன். கனம் அதிகம், புதுப் பெண்ணுக்குத் தூக்க வருமா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்துவிட்டாள்.

அம்மா